கயிற்றைக் கட்டிவிட்டது யார்?

மேலூர் பக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளிக்கு வந்த நண்பனின் மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் கயிறு இருந்தது. "எதுக்குடா?" என்றேன். "அண்ணன் கட்டிவிட்டாரு" என்றான். மூன்று வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், அடுத்த வாரம் இடம் மாறி உட்கார்ந்தான். என் வீடு காலனியில். ஆசிரியர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சாதி வெறியோடு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. உசிலம்பட்டி பக்கம் உத்தப்புரத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரு சுவர் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்றது. போராட்டத்துக்குப் பிறகே, 2008 மே மாதத்தில் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதன் இருபுறமும் வளர்ந்த குழந்தைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டுமா? இன்று அந்த வேலையைச் சாதிச் சங்க பேனர்களும் செல்போனில் வரும் ரீல்ஸும் செய்கின்றன.

'சேர்ந்து படித்தால் சரியாகிவிடும்' என்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள்தாம். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொன்னார்: பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, சமமாக இருக்க வேண்டும், அந்தச் சமத்துவத்துக்கு அதிகாரத்தில் இருப்பவர்கள் துணை நிற்க வேண்டும். நம் வகுப்பறைகளில் இல்லாதது இதுதான்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. விவாதம் கயிற்றிலும் நெற்றிப் பொட்டிலும் சிக்கிக்கொண்டது. ஆனால் அறிக்கை அதைத் தாண்டிப் பேசுகிறது: பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியினரை அங்கேயே கல்வி அதிகாரியாக நியமிக்கக் கூடாது, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பொதுப் பள்ளிகளோடு ஒரே துறையின் கீழ் கொண்டுவர வேண்டும். எல்லாமே பெரியவர்கள் செய்ய வேண்டியவை. எதிர்ப்பு வந்ததும் அதனால்தான்.

கயிற்றை அறுக்கச் சொல்வது எளிது. அறுத்தாலும், கட்டிவிட்டவர் ஊரில் மரியாதையோடு இருந்தால் அடுத்த திருவிழாவுக்கு இன்னொன்று கட்டுவார். தோழர்களே, அந்த 'அண்ணன்' வயதில் இன்று நாம் இருக்கிறோம். நம் தெருவில், நம் வீட்டில், ஒரு தம்பியின் கையை யாராவது பிடிக்கும்போது நாம் குறுக்கே போய்க் கேட்க வேண்டும். அன்று நான் என் நண்பனைக் கேட்டேன். அவன் அண்ணனை யாருமே கேட்கவில்லை.