சேசிஸ் எண்ணின் முதல் எழுத்து

"சேசிஸ் எண் 'ஜே'யில் தொடங்கினால் ஜப்பான் கார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 'எம்ஏ' என்றால் இந்தியத் தயாரிப்பு, வெறும் தகரம்" என்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதுதான் இந்த வாதத்தின் ஆபத்து.

2014-இல் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் தயாரான ஃபோக்ஸ்வாகன் போலோவை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில், ஏர்பேக் இல்லாத வண்டிக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. நாடும் ஒன்று, மாடலும் ஒன்று. அப்புறம் நாட்டைக் குறை சொல்வது எப்படிச் சரியாகும்?

2025 ஜனவரியில், இந்தியாவில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னியை சுசுகி ஜப்பானில் அறிமுகம் செய்தது. சில நாள்களிலேயே சுமார் 50,000 ஆர்டர்கள் குவிய, முன்பதிவையே நிறுத்தினார்கள். ஜப்பானியரே தயங்காதபோது நமக்கு ஏன் தயக்கம்?

விலையைக் குறைக்கப் பாதுகாப்பில் கைவைத்த வண்டிகள் இங்கே விற்றது உண்மை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கைவைத்தது தொழிற்சாலை இருக்கும் ஊரல்ல, நிறுவனத்தின் விலைக் கணக்கு. கோபத்தை அங்கே காட்டுங்கள். எந்த நாட்டு வண்டி என்று கேட்கும் முன், எத்தனை ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி உண்டா, வாங்கப்போகும் வேரியன்ட்டுக்கே மோதல் சோதனையின் நட்சத்திரங்கள் பொருந்துமா என்று கேளுங்கள்.