ரூபாவாக்கிப் பார்த்த சம்பளம்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் வழிபாடு முடித்து வாசலுக்கு வந்தபோது, முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் எனக்காகக் காத்து நின்றார். கணிதப் பட்டதாரி, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியர், ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். சீன தேசத்திலே, தலைநகருக்கு வெகு தொலைவிலுள்ள நகரமொன்றில், ஒரு தனியார் பள்ளி ஆங்கில மொழி மூலம் கணிதம் கற்பிக்க அவரை அழைத்திருந்தது.

"சேர், அந்த ஊர்க் கணக்கிலே சம்பளம் பெரிதில்லையாம். ஆனால் ரூபாவாக்கிப் பார்த்தால் இங்கே எடுப்பதன் பல மடங்கு வருகிறது. போகலாமோ?" என்று கேட்டார்.

வெளிநாடு செல்ல எண்ணும் வாத்தியார் ஒவ்வொருவரும் முதலிற் செய்யும் கணக்கு இதுதான். "தம்பி, நாளைக்கு வீட்டுக்கு வாரும். ஒரு கொப்பி காட்ட வேண்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கொப்பி என் தாய்மாமனுடையது. அவரும் கணித ஆசிரியரே. 1981ஆம் ஆண்டில் நைஜீரியாவுக்குச் சென்றவர். இன்றைய மாணவர்க்கு அந்தக் கதை அதிகம் தெரியாதாகையாற் சிறிது விரித்துரைக்கிறேன். 1976ஆம் ஆண்டில் நைஜீரிய அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடக்கிற்று. எண்ணெய்ப் பணம் பெருகியிருந்த காலம் அது. பள்ளிகள் பல்கின, ஆசிரியர் போதவில்லை. ஆகவே மாநில அரசுகள் இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்களை ஒப்பந்தத்தின் பேரில் வரவழைத்தன. நம் நாட்டுக் கணித, விஞ்ஞான ஆசிரியர் பலர் அவ்வாறு சென்றனர். 1980இல் ஒரு நைரா அமெரிக்க டொலரைவிட மதிப்பு மிக்கதாயிருந்தது. நம் நாணயத்தில் ஏறக்குறைய 30 ரூபா. மாமாவும் ரூபாவாக்கிப் பார்த்தே புறப்பட்டார்.

கணித வாத்தியார் அல்லவா? கணக்கை நாள் தவறாது எழுதியிருக்கிறார். மண்ணெண்ணெய், அரிசி, வெங்காயம், 'கரி' என்று அவ்வூரார் வழங்கும் மரவள்ளி மா, கொசுவலை, தண்ணீர் வடிகட்டி. சில மாதங்களில் மரக்கறிக்குச் செலவிட்டதினும் கடித முத்திரைக்குச் செலவிட்டது அதிகம். ஆனால் அக்கொப்பியில் என் மனத்தைத் தைத்தவை வேறு இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு 'அனுப்பியது'. மற்றதன் தலைப்பு 'போய்ச் சேர்ந்தது'. வெளிநாட்டார் தம் வருமானத்தில் ஒரு பகுதியைத்தான் தாய்நாட்டுக்கு அனுப்பலாம். அதற்கும் அநுமதி வேண்டும். அதனால் ஒரு பத்தியில் எழுதிய தொகை மற்றப் பத்திக்கு வர நான்கு மாதம், ஆறு மாதம் ஆகியிருக்கிறது. அந்த இடைவெளியில் மாமி கண்டியிற் கடன்பட்டுச் சீவித்தார்.

பின்னர் எண்ணெய் விலை சரிந்தது. 1983ஆம் ஆண்டு சனவரியில் ஆவணமில்லாத அயல்நாட்டாரை வெளியேறும்படி அரசு கட்டளையிட, பல இலட்சம் கானா நாட்டவர் மூட்டை முடிச்சுகளுடன் தெருவுக்கு வந்தனர். ஒப்பந்தத்தில் வந்தவர்க்கு ஆபத்தில்லை. ஆயினும் அச்சம் யாரை விட்டது? அவ்வாண்டு யூலை 26ஆம் தேதி நமது கண்டி நகரத்திலேயே தமிழருடைய கடைகள் எரிந்தன. கொப்பியில் அதன்பின் ஒன்பது நாள் வெறுமை. பத்தாம் நாள் ஒரே வரி: 'தந்தி வந்தது. எல்லோரும் சுகம்.' திரும்பிவர எண்ணியவர், திரும்பிவந்து என்ன செய்வது என்றறியாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்.

1984ஆம் ஆண்டு ஏப்பிரலில் எல்லைகளை மூடி நாணயத்தாள்களையே மாற்றினார்கள். பழைய தாள்களுடன் மாமா வங்கி வாசலிற் காத்து நின்றார். ஆசிரியர் சம்பளம் மாதக்கணக்கிற் பிந்தத் தொடங்கிற்று. 1985இல் அரிசி இறக்குமதி தடை செய்யப்பட்டது. சோறுண்ட தமிழர் மரவள்ளியுடன் முழுமையாகச் சமாதானமாயினர். 1986 செப்டெம்பரில் நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். 1987இல் ஒரு நைரா 7 ரூபாவும் சில சதமும்! சம்பளத்தின் எண்ணிக்கை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பெறுமதி நாலில் ஒன்றாயிற்று. அவ்வருடமே மாமா ஊர் திரும்பினார். அம்பிட்டியவில் வாங்கிய காணியிற் சுவர்கள் எழுந்திருந்தன. கூரை ஏற மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன.

மறுநாள் இவற்றையெல்லாம் இளைஞர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சீனா நைஜீரியா இல்லையே, சேர்" என்றார். உண்மைதான். யுவான் பல ஆண்டுகளாக டொலருக்கு ஏழு என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. ஒப்பந்தமும் வரி கட்டிய சான்றும் காட்டினால் சம்பளப் பணத்தை மாற்றி அனுப்பலாம். தங்குமிடத்தைப் பல பள்ளிகள் தாமே கொடுக்கின்றன. ஆயினும் அங்கும் எப்போதும் இவ்வாறிருந்ததில்லை. 1948இல் மூன்று மில்லியன் பழைய யுவானுக்கு ஒரு புதிய யுவான் கொடுத்தார்கள். அதுவும் ஓராண்டுக்குள் மதிப்பற்றுப் போயிற்று. வில்லியம் எம்ப்சன் என்னும் ஆங்கிலக் கவிஞர் பீக்கிங்கில் ஆசிரியராயிருந்த காலம் அது. 1949இல் ஆட்சி மாறியபின் அங்கே சம்பளத்தைத் தாளில் எண்ணாமல் தினையின் விலையை வைத்துக் கணக்கிட்டார்கள். வள்ளி காத்த அதே தினைதான்! சம்பளத்தை அளக்க இதனினும் நேர்மையான கோலை நான் அறியேன்.

வேறொரு செய்தியும் சொன்னேன். 1966 ஓகஸ்டில் பீக்கிங்கிற் பணியாற்றிய நான்கு அமெரிக்கர், அவருள் ஆங்கிலம் கற்பித்தவரும் உண்டு, தமது சம்பளத்தையும் சலுகைகளையும் குறைத்துச் சீனத் தோழருக்குச் சமமாக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். கலாசாரப் புரட்சியின் வேகம் அதிலே கலந்திருந்தது. எனினும், தமக்குக் குறைவெனத் தோன்றும் சம்பளம் அடுத்த மேசை ஆசிரியருக்குப் பெருஞ் செல்வமாகத் தோன்றும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். நம் இளைஞரும் அங்கே அந்த மேசைக்குப் பக்கத்திலேதான் அமர வேண்டும்.

சட்ட விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஆங்கில மொழியைக் கற்பிப்பதற்குப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவரையே அங்கு அநுமதிப்பர். கணிதம் போன்ற பாடத்துக்கு அதற்குரிய பட்டமும் அநுபவமும் வேண்டும். வேலை விசாவின்றி, 'முதலில் வாருங்கள், பிறகு மாற்றலாம்' என்பாரை நம்பலாகாது. 2021 யூலையில் பாடசாலைப் பாடங்களுக்கான இலாப நோக்குடைய தனிவகுப்புகளை அந்நாட்டு அரசு தடுத்தபோது எத்தனையோ ஆசிரியர் வேலையிழந்தனர்.

ரூபாக் கணக்குக்கு மீண்டும் வந்தோம். 2022ஆம் ஆண்டில் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது யாவருக்கும் நினைவிருக்கும். மாமாவின் சம்பளம் சென்ற நாட்டிற் கரைந்தது. நம்முடையது இருந்த இடத்திலேயே கரைந்தது. எனவே, 'பல மடங்கு' என்று இளைஞர் மகிழும் தொகையில் ஒரு பெரும் பங்கு சீனர் தருவதன்று. நமது ரூபா இழந்தது. அவ்வாண்டு யூனில் அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழி திறந்தார்கள். போனவர்களைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை.

"உமது சாதாரண தர வகுப்பை யார் எடுப்பார்?" என்று மட்டும் கேட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளாம். அவர் வெகுநேரம் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "திரும்பி வர விமானச் சீட்டு யார் பொறுப்பென்று கடிதத்தில் இல்லை, சேர். பரீட்சை முடியும்வரை பொறுப்பார்களா என்றும் எழுதிக் கேட்கிறேன்" என்றார். கொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பள்ளியிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.