வீட்டுச் சேவையகமும் தாராவியின் குரல்களும்

தாராவித் தமிழை ஆராய்வோர் பேச்சாளரிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு: சொந்த ஊர் எது, மும்பைக்கு எந்த ஆண்டு வந்தீர்கள், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்களின் பேச்சில் மராத்தியும் இந்தியும் எந்தத் தலைமுறையில் எவ்வளவு கலந்தன என்பதை இவ்விவரங்கள் இன்றி அளக்க இயலாது.

ஆனால் அதே விவரங்களுக்கு இன்று வேறொரு மதிப்பும் ஏற்பட்டுள்ளது. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தோருக்கும் மாடிகளில் வசிப்போருக்கும் வெளியேதான் இடம். அதுவும் பணம் செலுத்தியே பெற வேண்டும். “ரெண்டாயிரத்து மூணுலதான் வந்தோம்” என்று ஒருவர் இயல்பாகச் சொல்லும் தொடர் ஆய்வாளருக்குக் கால இடைநிலைக்கு ஒரு சான்று. சொன்னவருக்கோ அது குடியிருக்கும் வீட்டையே பாதிக்கக்கூடிய வாக்குமூலம்.

உதவித்தொகையில் காலந்தள்ளும் ஆய்வு மாணவர் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு வாடகை அறையில், பழைய மடிக்கணினியைச் சேவையகமாக்கி இத்தகைய தரவை இணையத்தில் வைப்பது புரிந்துகொள்ளத்தக்கதே. மாதாமாதம் கட்டணம் கேட்கும் மேகச் சேவை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பிழை அம்முடிவில் இல்லை, “இதை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்ற எண்ணத்தில் இருக்கிறது.

எவரும் தேடி வர வேண்டியதில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்னும் கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க வல்லது. 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், மாற்றப்படாத ஆலைக் கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. இத்தகைய நிரல்கள் ஆள் பார்ப்பதில்லை. திறந்த கதவை மட்டுமே பார்க்கின்றன.

தற்காப்பின் முதல் விதி தொழில்நுட்பம் சார்ந்ததன்று. மூல ஒலிப்பதிவு, பெயர், முகவரி, குடியேறிய ஆண்டு ஆகியவை இணையத்தை நோக்கிய கணினியில் இருக்கவே கூடாது. மறையாக்கம் செய்த தனி வன்தட்டே அவற்றுக்குரிய இடம். அடையாளங்கள் நீக்கப்பட்ட எழுத்துவடிவம் மட்டும் சேவையகத்துக்குச் செல்லலாம்.

எஞ்சியவை ஒரு வார இறுதிக்குள் முடியும் வேலைகள். ரவுட்டரில் இணையதளத்துக்கான 443-ஆம் போர்ட்டை மட்டும் திறந்து, தொலைவிலிருந்து நிர்வகிப்பதை வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக்க வேண்டும். எஸ்எஸ்எச் நுழைவில் கடவுச்சொல்லை நிறுத்திச் சாவிக்கோப்பை மட்டும் ஏற்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்பட வேண்டும். வீட்டாரின் கைபேசிகள் இருக்கும் வலையமைப்பிலிருந்து சேவையகத்தைப் பிரித்து வைக்க வேண்டும். ஐபிவி4-இல் தனிப் பொது முகவரி இல்லாத வீட்டு இணைப்பிலும் ஐபிவி6 வழியே கதவு திறந்திருக்கக்கூடும். அதையும் சோதிக்க வேண்டும். காப்புநகல் ஒன்று மும்பைக்கு வெளியே இருப்பது நலம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நகரம் இது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிக்கு விலக்கு அளிக்கிறதே என்று சிலர் வாதிடக்கூடும். அவ்விலக்கு நிபந்தனையுடையது: குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அத்தரவு பயன்படலாகாது, வகுக்கப்பட்ட தரநிலைகளும் பின்பற்றப்பட வேண்டும். பூட்டாத சேவையகத்திலிருந்து கசிந்த தரவு யார் கையில் எதற்குப் பயன்படும் என்று எந்த ஆய்வாளராலும் உறுதிகூற இயலாது.

ஆகவே பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள் “தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்” என்ற ஒற்றை வரியோடு மனநிறைவு அடையலாகாது. பதிவு எந்தக் கணினியில் இருக்கிறது, சாவி யாரிடம் உள்ளது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என மூன்று கேள்விகளை நெறியாளர் ஒவ்வொரு பருவத்திலும் கேட்க வேண்டும். பேச்சாளரிடம் அத்தனை கேள்விகளைக் கேட்கும் துறை, தன்னிடம் இம்மூன்றையாவது கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.