பதினோரு டம்ளர் டீ

பென்னாகரம் பக்கம் எங்கள் தெருவில் ஒருவருக்கு வாயில் புற்றுநோய். அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு கூசி, 'அந்த நோவு' என்றே சொல்லி வந்தோம். பெங்களூரில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்து அவர் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. கையில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். வெந்து புண்ணாகிக் கிடக்கும் வாய்க்கு ஆரஞ்சு ஆகாதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, பதினோரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தார். குடித்தோம். குடித்த டம்ளரைக் கழுவிக்கூட வைக்கவில்லை.

இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர், நலம் விசாரித்தல்.

"கஞ்சி இறங்குதா?" "அடுத்த செக்கப் எப்போ?" "ஏன் அவ்ளோ தூரம் போனீங்க, சேலத்துலயே பாத்திருக்கலாமே?" கேள்வியெல்லாம் அவரைப் பற்றி, பதில் சொன்னதெல்லாம் அக்கா. 'நீ சாப்ட்டியாக்கா?' என்று ஒரு வாய் கேட்கவில்லை. அக்காவின் கண் கலங்கியபோது, "அவரு முன்னாடி அழுவாதக்கா, தைரியமா இரு" என்றோம். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னோம். யோசித்தால், அது உத்தரவு. அவர் முன்னால் அழாமல் வேறெங்கே அழுவது? ஒற்றை அறை வீடு அது.

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை உண்டு. கூட ஓர் ஆள் இருக்கிறார் என்பது ரயில்வே கணக்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில்கூட அக்காவுக்கு 'அட்டெண்டர்' என்று ஒரு பெயர் இருந்தது. எங்கள் கணக்கில்தான் அவர் வரவே இல்லை.

முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு, முத்துலட்சுமி ரெட்டி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். 1923இல் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். அந்த வேதனையை முப்பது ஆண்டு இறக்கி வைக்காமல் சுமந்ததால்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அவரும் ஓர் அக்கா என்பதை நாங்கள் படிக்கவில்லை.

கடைசியில் எங்கள் தெரு அக்காவைப் பற்றிக் கேட்டவர் ஒரு வெளியாள். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் செவிலியர். கன்னத்துப் புண்ணுக்குக் கட்டு மாற்றச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "ராத்திரி எத்தினி மணி நேரம் தூங்குறீங்கம்மா?" என்றார். அக்காவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாத்திரைக் கவரின் பின்னால் 14416 என்று எழுதிக் கொடுத்தார். மனசு விட்டுப் பேச அரசு வைத்திருக்கும் எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். "அது பைத்தியத்துக்குப் போடற நம்பராச்சே" என்று சிரித்தவர்களும் நாங்கள்தான். அக்கா கவரை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு கொள்ளாத கூட்டம். பதினேழாம் நாள் தெரு அவரவர் வேலையைப் பார்க்கப் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு மாத்திரை கொடுக்க எழுந்து பழகிய அக்கா, மாத்திரை தின்ன ஆள் இல்லாத பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வெளிச்சத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கதவைத் தட்டியவர் ஒருவருமில்லை.

இந்த ஆனியில் தெருக்கோடி வீட்டு மாமியாருக்கு மார்பில் கட்டி. பார்த்துக்கொள்வது மருமகள். இந்த முறை களியும் கீரைக் குழம்பும் தூக்கில் எடுத்துப் போனோம். "ரெண்டு மணி நேரம் நாங்க பாத்துக்கறோம், நீ போய்ப் படு" என்றோம். அவள் படுக்கவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். 'அழுவாத' என்ற சொல் எங்கள் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டோம்.

எங்களோடு வந்திருந்த அக்காதான் எழுந்து போய், ஒன்றும் பேசாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.