பெயரை மறைத்தால் போதுமா?

வளரும் பருவத்தில் மனத்தில் தேங்குவன பல. வீட்டில் சொல்ல அச்சம். நண்பரிடம் சொல்ல நாணம். ஆதலால் சிலர் பெயரை மறைத்து இணையத்தில் எழுதுகின்றனர். மனம் திறக்க விழைவது குற்றமன்று. ஆயினும், பெயர் மறைந்தால் ஆளும் மறைவாரோ? ‘எங்கள் வகுப்பில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்தியே’ என்னும் ஒரு வரி போதும். எழுதியவர் யாரென வகுப்பே அறிந்துவிடும். பதிவை நாம் அழித்தாலும் பிறர் எடுத்த நகல் அழியாது.

யூதச் சிறுமி ஆன் பிராங்க், 1942இல் தம் 13ஆம் பிறந்தநாளில் நாட்குறிப்பேடு ஒன்றைப் பெற்றார். ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்த நாள்களில் அதனைக் ‘கிட்டி’ என்னும் தோழியாகக் கருதி, தாயிடம் கொண்ட மனத்தாங்கலையும் எழுதினார். 1944இல், நூலாக வெளியிட எண்ணி அவரே அதனைத் திருத்தி எழுதலானார். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவரே முடிவுசெய்தார். அவ்வுரிமையை அவசரப் பதிவு நம்மிடமிருந்து பறித்துவிடும்.

ஆகவே, முதலில் குறிப்பேட்டில் எழுதுங்கள். துன்பம் மிகுந்தால் நம்பத்தகுந்த பெரியவரிடம் கூறுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். பிள்ளைகள் அச்சமின்றிப் பேசும் வீட்டை அமைப்பதோ பெரியோர் கடமை.