மண்குதிரை செய்தவர் பெயர் என்ன?

பாகூர் கொம்யூன் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் முதலில் கண் போவது கீழே ஒட்டியிருக்கும் சீட்டுக்குத்தான். யார் செய்தது, எந்த ஊர், எந்த வருஷம்? எங்கள் பக்கத்து மண்வேலை என்றால் அந்தச் சீட்டு பெரும்பாலும் 'சுடுமண் குதிரை, வில்லியனூர்' என்பதோடு நின்றுவிடுகிறது. பக்கத்திலேயே தொங்கும் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஓவியர் பெயர், பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி எல்லாம் இருக்கும். மண்ணைப் பிசைந்து, உருட்டி, காயவைத்து, சூளையில் அடுக்கி, விடிய விடிய தீயைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் பெயர் கிடையாதா?

இந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியில் செய்யப்பட்ட, சிவப்பாகப் பளபளக்கும் தட்டுகளின் சில்லுகள் கிடைத்தன. சிலவற்றின் மேல் பட்டறைக்காரர்களின் முத்திரை இருந்தது: விபி, கமுரி, இட்டா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கடல் தாண்டி வந்த ஒரு தட்டைச் செய்தவர் யாரென்று நமக்குத் தெரியும். போன தை மாதம் வில்லியனூர்ச் சூளையிலிருந்து இறங்கிய குதிரையைச் செய்தவர் யாரென்று தெரியாது.

பாகூருக்கு இன்னொரு பெருமை உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிக் கொடுத்தான். இன்றைய பேச்சில் அதைப் பல்கலைக்கழகம் என்றே சொல்லலாம். அந்தச் செப்பேடுகள் 1879இல் பாகூரில் கிடைத்து, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. என்னை அசைத்தது கொடையைவிட அதன் கடைசிப் பகுதி. எழுத்துகளை வெட்டிய காஞ்சிபுரத்துத் தட்டாரின் பெயரையும் அதிலேயே பொறித்திருக்கிறார்கள். அரசன் பெயர் இருக்கும் அதே தகட்டில் கைவினைஞர் பெயரும் இருக்கிறது. அன்றைக்கு அது யாருக்கும் கௌரவக் குறைவாகப் படவில்லை.

இன்று காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓவியம், சிற்பம், இசை, நடனம் சொல்லித்தரும் பாரதியார் பல்கலைக்கூடம் அரிக்கமேட்டுக்குப் பக்கத்திலேயே, அரியாங்குப்பத்தில் இருக்கிறது. இவை கூடி இந்த மண்ணின் கலைக்கென ஒரு தொகுப்பை வளர்க்க வேண்டும், அதை வில்லியனூர், பாகூர் கிராமங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

பல்கலைக்கழகத்துக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் காசியைப் பார்க்கட்டும். ராய் கிருஷ்ணதாஸ் 1920இல் தொடங்கிய பாரத் கலா பவன் 1950இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்று வட இந்தியச் சிற்றோவியங்களைப் படிக்க நினைப்பவர் அங்கே போகாமல் முடியாது. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் சரளைக்கல்லும் சிமென்டும் கலந்து செய்த 'சந்தால் குடும்பம்' வெட்டவெளியில் நிற்கிறது. வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

அங்கே படித்தவர்களில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1924இல் பிறந்த கே. ஜி. சுப்ரமணியன், இன்று நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் வளர்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார், 1944இல் சாந்திநிகேதனுக்குப் போனார். பிற்பாடு பரோடாவில் ஆசிரியராக இருந்தபோது, கைவினைஞரிடம் கற்றுக்கொள்வதை நுண்கலைப் படிப்பின் பகுதியாகவே ஆக்கினார். லக்னோ ரவீந்திராலயத்தின் சுவரில் 1963இல் அவர் அமைத்த பெரிய படைப்பு முழுக்கச் சுடுமண் ஓடு. குயவருக்கும் ஓவியருக்கும் நடுவே சுவர் எழுப்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. மாஹேயில் வளர்ந்த இவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. 2020இல் அந்த வேலையைச் செய்யும் வி. கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது ஒரு மனிதரின் பெயரை நாடு கேட்டது. அவரைச் சுற்றி, அவருக்கு முன்னும் பின்னும், மண்ணில் கைவைத்தவர்களை யார் எழுதிவைப்பது? களிமண்ணில் மணல் கலந்து மிதித்துப் பதப்படுத்தும் பெண்களின் பெயரும் தொகுப்பின் பதிவேட்டில் ஏற வேண்டும். பக்குவம் அவர்கள் கையில் இருக்கிறது. கலவை பிசகினால் சூளைக்குள் வெடித்துவிடும்.

மாணவர்களின் படைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்து நுண்கலைக்குப் போன பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் படங்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பரண்மேல் போடுகிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. மீனவப் பெண்களை வரிசையாகக் கரிக்கோலில் வரைந்த ஒரு பெண்ணின் ஐந்து வருஷ உழைப்பு அந்தத் தண்ணீரில் கூழாகிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் பத்துப் படைப்புகளைக் கல்லூரியே விலை கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தால் இரண்டு மூன்றாவது மிஞ்சியிருக்கும். விலை கொடுத்து என்று அழுத்திச் சொல்கிறேன். கலைஞரிடம் நன்கொடை கேட்கும் பழக்கம் போக வேண்டும்.

தொகுப்பு காலாப்பட்டிலேயே பூட்டிக் கிடக்கவும் கூடாது. பாகூரிலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை அங்கே போக, புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாதமாவது வில்லியனூரிலும் பாகூரிலும் அரசுப் பள்ளிகளில் வைக்கலாம். மண்பொருளைத் தூக்கிப் பிரித்து அடுக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கே அந்த வேலையைக் கூலியோடு கொடுக்கலாம். வரும் கல்வியாண்டுக்குள் பல்கலைக்கழகம் ஒரு பதிவேடு வாங்கி, முதல் பக்கத்தில் நான்கு பத்தி கோடு போடட்டும்: செய்தவர், ஊர், மண் எடுத்த இடம், ஆண்டு.