கணக்கு தொலையவில்லை, பூட்டுதான் பழுது

காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், நம்முடைய கோப்பு ஒன்றுகூட இல்லாத வெறுந்திரை வருகிறது. ‘தற்காலிக புரொஃபைல்’ என்று ஓர் அறிவிப்பும் காட்டுகிறது. கணக்கெல்லாம் போயிற்றே என்று பதறிப் பழுது பார்ப்பவரை அழைக்கிறோம். “ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்” என்கிறார். நாமும் தலையசைக்கிறோம். உண்மையான நஷ்டம் அந்தத் தலையசைப்பில்தான் தொடங்குகிறது.

விண்டோஸில் ஒவ்வொரு யூசருக்கும் புரொஃபைல் என்று தனி அறை உண்டு. டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் நாம் வைப்பவை அதற்குள்தான் இருக்கின்றன. அந்த அறையின் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ‘என்.டி.யூசர்.டாட்’ என்ற கோப்பு, திடீர் மின்தடையாலோ ஹார்ட் டிஸ்க் பழுதாலோ கெட்டுவிட்டால் அறை திறக்காது. உள்ளே சரக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சாவி வளைந்ததற்காகக் கிடங்கைக் கொளுத்துவாருண்டா?

தற்காலிகத் திரையில் ஒரு பில்லும் போடக்கூடாது. அந்த புரொஃபைலில் சேமிப்பவை வெளியேறியதும் அழிந்துவிடும். ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்தும் சரியாகாவிட்டால், சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்பதில் பழைய பெயரைத் திறந்து, கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். டாலி பிரைம் கணக்குகள் வழக்கமாக அங்கேயே ‘பப்ளிக்’ என்பதற்குள் இருக்கும்; அதையும் எடுக்க வேண்டும். பிறகு புதிய யூசர் ஒன்றை உண்டாக்கி, பழைய கோப்புகளை அதில் சேர்க்கலாம். ‘என்.டி.யூசர்’ என்று தொடங்குபவற்றை மட்டும் சேர்க்கக் கூடாது.

இது வெறும் மெஷின் விவகாரம் அல்ல. 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைப்பவர் நகலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. “மெஷின் கெட்டுவிட்டது” என்பது அதிகாரியிடம் எடுபடாது.

நம் நார்த்தாமலை சோழர் காலத்தில் வணிகர் நகரமாக விளங்கிய ஊர். அக்காலக் கல்வெட்டுகளை இன்றும் படிக்க முடிகிறது. நாம் கல்லில் வெட்ட வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு யு.பி.எஸ்., கடை அடைக்குமுன் தினமும் பென் டிரைவில் ஒரு நகல், வீட்டில் மற்றொரு நகல் இருந்தால் போதும். சரக்கு இறக்குமுன் எடை பார்ப்பதுபோல, மெஷினைப் பிறர் கையில் கொடுக்குமுன் “நகல் எடுத்தாயிற்றா?” என்று கேட்பதையும் வணிகப் பெருமக்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.